சிவப்பு மை

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தர் டிராலி பஸ் டெப்போவில்
காலை ஐந்து மணி.
கண்ணாடிகளில் விரற்கடைப் பனி.
உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு மேசை,
நான், கையில் சுற்றும் பட்டை.
வண்டி எடுக்குமுன் ஓட்டுநர் எவரும்
எனக்குக் கை நீட்டியாக வேண்டும். விதி.

கொதிப்பு என்று பேர் இதற்கு.
மூச்சுக்கூட உறையும் ஊரில் கொதிப்பு!
ஆவி கிடையாது, மூடி துள்ளாது.
சிரித்துக்கொண்டே வருகிறான் ஒருவன்,
"நல்லாத்தான் இருக்கேன் அக்கா" என்கிறான்,
எண் நூற்று அறுபதைத் தாண்டி நிற்கிறது.

இருபத்தேழு பேர் இன்று.
ஒன்பது பேருக்குச் சிவப்பு மை.
நேற்று எட்டு. முந்தாநாள் பத்து.
உலகத்தையே வரிசையில் நிறுத்தினாலும்
வளர்ந்தவர்களில் ஏறக்குறைய
மூவரில் ஒருவர் இப்படித்தானாம்,
அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாதாம்.
பயிற்சி வகுப்பில் சொன்னபோது
ஜன்னலோரம் உட்கார்ந்து
நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

செரென்தோர்ஜ், பழைய மல்யுத்தக்காரன்.
அவன் புஜத்துக்குப் பட்டை எட்டாது.
சின்னப் பட்டை எண்ணை ஏற்றிக் காட்டும்;
பெரியது கேட்டு எழுதி
மூன்று குளிர்காலம் ஆயிற்று.

லுவ்சான்ஷாரவ்.
அப்பா?
"நாற்பத்தாறில். சேணம் கட்டும்போது."
அண்ணன்?
"ஐம்பதில். அதே மாதிரி."
சேணம் இப்போது யாரிடம் என்று கேட்டேன்.
"என்னிடம்."

மியக்மார்சூரன் ஈர்க்குச்சி.
ஒல்லிக்கு வராது என்று எவனோ சொல்லியிருக்கிறான்.
பகலில் பஸ், இரவில் டாக்சி,
நடுவே நாலு மணி நேரத் தூக்கம்,
வங்கிக்கடன், பாக்கெட்டில் சிகரெட்.
வயது இருபத்தொன்பது. மை சிவப்பு.

தேநீரில் உப்பைக் குறையுங்கள் என்பேன்.
வரிசையே சிரிக்கும்.
பாலும் உப்பும் சேராமல் தேநீரா?
அப்படிக் கொடுத்தால்
விருந்தாளி இன்னொரு முறை படியேறுவானா?
வோட்கா, கொழுப்பு, ஒன்பது மணி நேர இருக்கை
எல்லாம் வரிசையாகச் சொல்வேன்.
பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல,
என் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு.

கடைசியில் கொம்போசாவ்.
நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்றுப் பத்து.
உட்காரவைத்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி.
மறுபடியும்.
"இன்னிக்கு வண்டி கிடையாது."
வண்டி இல்லையென்றால் கூலியும் இல்லை.
மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்கும் வாரம் அது,
எனக்கும் தெரியும்.
"உன் மெஷின் பொய் சொல்லுது,
உன் கையில மாட்டிப் பாரு!"

ஒன்பது வருடமாக இந்த மேசை.
ஒரு நாளும் மாட்டியதில்லை.
ஸ்வெட்டரைச் சுருட்டினேன்.
பட்டை இறுகியது, இறுகியது,
விட்டது.
நூற்று அறுபத்தாறு.
கீழே நூற்று இரண்டு.

அவன் மட்டும் பார்த்தான்.
"என்ன ஆச்சு?" என்றார்கள் கதவருகே நின்றவர்கள்.
"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றேன்.
அவன் தொப்பியைக் கழற்றி
ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தான்.
"சரி, ரெண்டு பேருமே
இன்னிக்கு ஓட்ட வேண்டாம்" என்றான்
யாருக்கும் கேட்காமல்.

பதிவேட்டில் ஓட்டுநருக்குத்தான் கட்டம்.
நர்ஸுக்கு இல்லை.
ஓரத்தில், தேதிக்குப் பக்கத்தில்
ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
மேலதிகாரி கேட்டால்
மை சிந்தியது என்று சொல்லலாம்.

இரவு தேநீர் காய்ச்சினேன்.
பழக்கத்தில் கை உப்பு ஜாடிக்குப் போயிற்று,
திரும்பி வந்தது.
கணவர் ஒரு மடக்குக் குடித்தார்.
கிண்ணத்துக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"யார் செத்தது?"

இன்னும் யாருமில்லை என்றேன்.
குடியுங்கள்.